கப்பலில் முதல் மார்ட்டினி: ‘வெட்’ என்று கேளுங்கள்

சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கோ புக்கெட்டுக்கோ போகும் மூன்று, நான்கு நாள் க்ரூஸில்தான் நம்மவர்கள் பலர் முதன்முதலாக ஒரு மார்ட்டினியைக் கையில் எடுக்கிறார்கள். பீரும் விஸ்கியும் ஏற்கெனவே பழகியிருக்கும். வீட்டுக்கு வண்டி ஓட்ட வேண்டியதில்லை, பானப் பேக்கேஜுக்கும் காசு கட்டியாயிற்று, அந்த நீளக் காம்பு வைத்த கிளாஸை ஒருமுறை கேட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றும். பக்கத்து ஸ்டூலில் இருப்பவர், “டிரையா கேளுங்கண்ணே, அதுதான் ஸ்டைலு” என்பார். கேட்டபடியே வரும். ஒரு மிடறு இறங்கியதும் தொண்டை பற்றி எரியும், கண்ணில் நீர் கோக்கும். மீதியை ஓரமாக நகர்த்திவிட்டு விஸ்கிக்கே திரும்பிவிடுவார்கள். அதன்பின் மார்ட்டினி என்றாலே ‘நமக்கு ஒத்துவராது’ என்ற பேச்சுத்தான்.

ஒத்துவராமல் போனதற்குக் காரணம் ‘டிரை’ என்ற அந்த ஒரே சொல்.

மார்ட்டினியில் இருப்பது ஜின்னும், இனிப்புக் குறைந்த மூலிகை ஒயினான டிரை வெர்மூத்தும் மட்டும்தான். இரண்டையும் ஐஸோடு கலக்கும்போது கரைந்து சேரும் தண்ணீரை மூன்றாவது சரக்காகக் கணக்கில் வைக்க வேண்டும். மார்ட்டினி கேட்கும்போது ‘டிரை’ என்றால் வெர்மூத்தைக் குறை என்று பொருள். ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்றால் வெர்மூத் பெயருக்குத்தான். சில பார்டெண்டர்கள் கிளாஸின் உட்புறத்தை அதால் நனைத்துவிட்டுக் கொட்டியே விடுவார்கள். ‘வெட்’ என்றால் வெர்மூத்தைக் கூட்டு. சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் செய்முறையில் 60 மி.லி. ஜின்னுக்கு 10 மி.லி. வெர்மூத், அதாவது ஆறுக்கு ஒன்று. பழகிய நாக்குக்கு அது சரியான அளவு. முதல் தடவைக்கு மூன்றுக்கு ஒன்றுதான் என் தேர்வு. ஒயின் குடித்துப் பழகியவர் என்றால் சரிபாதி, ‘ஃபிஃப்டி ஃபிஃப்டி’ என்றே கேட்கலாம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அமெரிக்க நிறுவனக் கப்பல்களில் அவுன்ஸில்தான் அளப்பார்கள்; ஒரு அவுன்ஸ் கிட்டத்தட்ட 30 மி.லி. எக்ஸ்ட்ரா டிரை கேட்டால் இரண்டரை அவுன்ஸ், அதாவது 75 மி.லி. ஜின் ஊற்றுவது வழக்கத்தில் உள்ளதுதான். அந்த ஜின் 47.3 சதவீதம் என்றால், ஐஸ் தண்ணீர் சேர்ந்த பிறகும் கிளாஸில் இருப்பது சுமார் 38 சதவீதச் சரக்கு. விஸ்கியைத் தண்ணீரோ சோடாவோ சேர்க்காமல் கிளாஸ் நிறைய ஊற்றிக்கொண்டது மாதிரி. ஆல்கஹால் மட்டும் 28 கிராம். நமது சுகாதார மேம்பாட்டு வாரியம் ஒரு அளவு என்று கொள்வது 10 கிராம்; ஆண்களுக்கு நாளுக்கு இரண்டு அளவு, பெண்களுக்கு ஒன்று என்பதுதான் அவர்கள் சொல்லும் வரம்பு. ஆக, ஒரே கிளாஸில் மூன்று அளவை நெருங்கிவிடுகிறது. இதையே 40 சதவீத ஜின் 45 மி.லி., வெர்மூத் 15 மி.லி. என்று கேட்டால், தண்ணீர் சேர்ந்து 75 மி.லி. வரும். 27, 28 சதவீதம், ஆல்கஹால் 16 கிராம். இதையும் லேசானது என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த அளவில்தான் ஜின்னின் மணம் எரிச்சலைத் தாண்டி மூக்குக்கு வந்து சேரும்.

வெர்மூத் என்ற பெயர் நம்மில் பலருக்குப் புதிது. வெள்ளை ஒயினில் மூலிகைகளை ஊறவைத்து, கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்து 16 முதல் 18 சதவீதம் வரை ஏற்றிய பானம் அது. அந்தப் பெயரே எட்டி போலக் கசக்கும் ஒரு செடிக்கு ஜெர்மன் மொழியில் உள்ள பெயரிலிருந்து வந்தது. மாலையில் வைத்துக் கட்டுகிறோமே மரிக்கொழுந்து, அந்தச் செடி அதன் ஒன்றுவிட்ட சகோதரி. இரண்டும் ஆர்ட்டிமீசியா என்ற ஒரே பேரினம். நல்ல டிரை வெர்மூத்தை முகர்ந்தால் அந்தப் பச்சை வாசனையின் சாயல் கிடைக்கும்.

வெர்மூத் அடிப்படையில் ஒயின் என்பதை மறந்துவிடுவதால்தான் பாதி மார்ட்டினிகள் கெடுகின்றன. பாட்டிலைத் திறந்தால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஊற்றும் மூக்கு செருகிய பாட்டில், பளிச்சென்ற விளக்குக்கு அடியில், அலமாரியில் வாரக்கணக்காக நிற்கிறது என்றால் உள்ளே இருப்பது செத்த வெர்மூத். நீச்சல்குளப் பக்கத்து பார்களில் இதற்கான வாய்ப்பு அதிகம். அங்கே பீரும் மொஹிட்டோவும்தான் ஓடும், வெர்மூத்தைத் தொடவே ஆள் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆர்டர் கொடுப்பதற்கு முன் சின்ன கிளாஸில் ஒரு சொட்டு வெர்மூத் கேளுங்கள். நல்ல பார்டெண்டர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். நிறம் வெளிர் வைக்கோல் போல இருக்க வேண்டும். வாசனையில் எலுமிச்சைத் தோல், உலர்ந்த பூ, மூலிகை. நிறம் பழுப்பு ஏறி, வெட்டிவைத்துக் கறுத்துப்போன ஆப்பிள் வாடை வந்தால் புதுப் பாட்டில் திறக்கச் சொல்லுங்கள். புதிது இல்லை என்றால் லில்லே பிளாங்க் என்ற பிரெஞ்சு ஒயின் பானம் இருக்கிறதா என்று கேட்கலாம். சற்று இனிப்புத் தூக்கலாக இருக்கும், முதல் மார்ட்டினிக்கு அதுவும் பழுதில்லை. வெர்மூத் பிராண்டுகளில் டோலின் மென்மையானது, நோய்லி பிராட் கொஞ்சம் கனமானது, மார்ட்டினி எக்ஸ்ட்ரா டிரை பெரும்பாலான கப்பல்களில் கிடைப்பது. இந்தக் கடைசிப் பெயரில் ஒரு குழப்பம் வரும். ஐரோப்பியக் கப்பல்களில் வெறுமனே ‘மார்ட்டினி’ என்றால் இந்த வெர்மூத்தையே ஐஸ் போட்டுக் கொடுத்துவிடுவதுண்டு. ‘ஜின் மார்ட்டினி’ என்று முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது.

இனி ஜின். ஜூனிப்பர் காயின் வாசனை இல்லாமல் ஜின் இல்லை. பைன் மரத்தை அறுக்கும்போது வரும் மணம் அது. மற்றவற்றில் பல நம் அடுக்களைக்குப் பழக்கமான வாசனைகள். டாங்கரேயில் ஜூனிப்பரோடு கொத்தமல்லி விதை, அதிமதுரம், ஏஞ்சலிகா வேர் என்று மொத்தமே நான்கு சரக்கு. பாம்பே சஃபையரில் பத்து. அதில் ஒன்று வால்மிளகு. ஆம், தேக்காவில் நாட்டுமருந்து விற்கும் கடைகளில் கேட்டு வாங்கும் அதே வால்மிளகு. இதைத் தெரிந்துகொண்டு முகர்ந்தால் ஜின் அந்நியமாகத் தெரியாது.

முதல் தடவைக்கு பீஃபீட்டர் அல்லது பிளிமத்தைச் சொல்வேன். பிளிமத் 41.2 சதவீதம், முனை மழுங்கியது, வெர்மூத்தோடு சண்டை போடாது. டாங்கரே பிடித்தமான ஜின்தான், ஆனால் 47.3 சதவீதப் பாட்டில் வந்தால் கணக்கு மாறிவிடும், லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவு உள்ளது என்றால் இரண்டுக்கு ஒன்று கேட்டுவிடுங்கள். ரோக்குவும் கேட்கத்தக்கதே, அதில் உள்ள யூஸு என்ற ஜப்பானிய எலுமிச்சை வகையின் தோல், எலுமிச்சைத் தோலோடு நன்றாகச் சேரும். ஹென்ட்ரிக்ஸில் வெள்ளரியும் ரோஜாவும் முன்னால் வந்து நிற்கும். டானிக்கோடு அருமை, மார்ட்டினியில் வெர்மூத்தின் மூலிகை மணத்தை அது அமுக்கிவிடுகிறது என்பது என் அனுபவக் கணிப்பு. வோட்கா மார்ட்டினி மென்மையாக இருக்கும் என்று நினைத்துக் கேட்பவர்கள் உண்டு. எரிச்சலை மறைக்க வோட்காவில் வாசனை கிடையாது, அதனால் ஆல்கஹால்தான் நேராக வந்து முட்டும். முதல் தேர்வாக அது வேண்டாம். ஜின், வோட்கா இரண்டையும் ஒன்றாகப் போடும் வெஸ்பர் கட்டாயம் வேண்டாம்.

ஆலிவா, எலுமிச்சையா? எலுமிச்சைத் தோல். காரணம் எளிது. ஆலிவ் உப்பை இறக்கும், எலுமிச்சை வாசனையை ஏற்றும். முதல் தடவை உங்களுக்குத் தேவை வாசனை. அதைச் செய்யும் விதத்தைக் கவனியுங்கள். கட்டைவிரல் அகலத்துக்குத் தோலை மட்டும் சீவ வேண்டும், அடியில் வெள்ளைச் சதை ஒட்டியிருக்கக் கூடாது, அதுதான் கசப்பு. மஞ்சள் பக்கம் கிளாஸைப் பார்க்க, மேலே நாலு விரற்கடை தூரத்தில் பிடித்து மடித்தால், எண்ணெய் பொடித்தூறலாக விழும். பக்கவாட்டில் விளக்கு இருந்தால் கண்ணுக்கே தெரியும். பானத்தின் மேல் மெல்லிய வட்டங்களாக மிதக்கும். பிறகு விளிம்பில் ஒருமுறை தேய்த்துவிட்டு உள்ளே போடலாம், போடாமலும் விடலாம். காலையிலேயே சீவி டப்பாவில் போட்டுவைத்த தோலில் இந்த எண்ணெய் காய்ந்து போயிருக்கும். “ஃபிரெஷ் ட்விஸ்ட் ப்ளீஸ்” என்று சொன்னால் போதும், புதிதாகச் சீவுவார்.

ஆலிவ் பிடிக்கும், உப்பு மாங்காய், மாவடு எல்லாம் நாக்குக்கு இஷ்டம் என்பவர்கள் இரண்டு ஆலிவைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். ஒரு மிடறு, ஒரு கடி. ஆலிவ் ஊறிய உப்புத் தண்ணீரையே ஊற்றிக் கலக்குவதுதான் ‘டர்ட்டி மார்ட்டினி’. அது எத்தனை உப்பு என்பது ஜாடிக்கு ஜாடி வேறுபடும், பார்டெண்டருக்கே கணிப்பு தவறும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு தகவல்: நீலச் சீஸ் அடைத்த ஆலிவில், பாலை உறையவைக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் இருக்கக்கூடும். பழ மார்ட்டினிகள் சிலவற்றில் நுரைக்காக முட்டை வெள்ளைக்கரு போடுவார்கள். இரண்டையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

குலுக்குவதா, கலக்குவதா என்ற விவாதம் சினிமா உளவாளி ஒருவரால் ஊரெங்கும் பரவிவிட்டது. ஷேக்கரில் குலுக்கினால் பத்து, பதினைந்து வினாடியில் சில்லென்று ஆகும். காற்றும் ஐஸ் துணுக்கும் கலந்து பானம் மங்கலாகும், தண்ணீரும் கூடும். நீளக் கரண்டியால் கலக்கினால் அரை நிமிடம் பிடிக்கும். பானம் தெளிவாக, எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆல்கஹால் இருப்பதால் பூஜ்யத்துக்கும் கீழே இரண்டு மூன்று டிகிரி வரை இறங்கினாலும் உறையாது. அந்தக் குளிர்ச்சிதான் எரிச்சலை அடக்குவது. இருபது விநாடிக்குள் கலக்கி ஊற்றிவிட்டால் குளிரும் போதாது, தண்ணீரும் போதாது, காட்டமாகத்தான் இருக்கும். ஐஸும் முக்கியம். ஏற்கெனவே உருகி வழிந்துகொண்டிருக்கும் ஐஸைப் போட்டால் குளிர்வதற்கு முன்பே பானம் நீர்த்துவிடும். நான் கலக்கச் சொல்வதையே விரும்புவேன்.

இத்தனையையும் பாரில் சொல்ல ஒரே வரி போதும்: “ஜின் மார்ட்டினி, வெட், த்ரீ டு ஒன், ஸ்மால் போர், ஸ்டர்டு, லெமன் ட்விஸ்ட்.” ‘ஸ்மால் போர்’ என்றால் அளவாக ஊற்று, ‘ஸ்டர்டு’ என்றால் கரண்டியால் கலக்கு. கூடவே “ஒரு டேஷ் ஆரஞ்ச் பிட்டர்ஸ்” (ஆரஞ்சுத் தோல் ஊறிய கசப்புச் சாறு ஓரிரு சொட்டு) என்று சேர்த்தால் ஜின்னும் வெர்மூத்தும் இன்னும் நெருங்கிச் சேரும். பிட்டர்ஸ் இல்லை என்றால் விட்டுவிடலாம்.

கப்பல் என்பதால் சில விஷயங்கள் தரையிலிருந்து மாறுகின்றன. முதலாவது கிளாஸ். V வடிவக் கிளாஸ் 240 மி.லி. வரை பிடிக்கும், 75 மி.லி. ஊற்றினால் காலியாகத் தெரிகிறதே என்று பல பார்களில் நிரப்பிவிடுவார்கள். கப்பல் லேசாகச் சாய்ந்தாலே விளிம்பு வழியாகச் சட்டையில் சிந்தும். வாய் குறுகிய ‘நிக் அண்ட் நோரா’ கிளாஸோ, வட்டக் கூபே கிளாஸோ கேளுங்கள். பெரிய கிளாஸ்தான் உண்டென்றால் பாதியை ஊற்றச் சொல்லி, மீதியைச் சின்னக் குடுவையில் ஐஸுக்குள் வைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது பாதியும் முதல் பாதி போலவே சில்லென்று இருக்கும்.

அடுத்தது இடம். நம் கடலில் மேல்தளத்துக் காற்று 30 டிகிரி, ஈரம் வேறு. கிளாஸ் வியர்த்து ஊற்றும், ஐந்தாறு நிமிடத்தில் குளிர்ச்சி போய்விடும். சூடேறிய மார்ட்டினியைப் போலக் கொடுமை வேறில்லை. சூரியாஸ்தமனம் பார்க்கத் தளத்துக்குப் போகிறவர்கள் பீரை எடுத்துக்கொண்டு போகட்டும். மார்ட்டினி குளிர்சாதன அறைக்குள் குடிக்க வேண்டியது. செலிபிரிட்டி கப்பல்களில் ‘மார்ட்டினி பார்’ என்றே தனியாக உண்டு, மேசை ஓரம் பனி உறைந்து கிடக்கும், கிளாஸை அதன் மேல் வைத்துக்கொள்ளலாம். பிரின்சஸ் கப்பல்களில் குரூனர்ஸ் பார் மார்ட்டினிக்குப் பேர் போனது. வேறு கப்பலில் சென்றால், நடுப்பகுதியில், கீழ்த்தளம் ஒன்றில் உள்ள பாரைத் தேடுங்கள். ஆட்டமும் அங்கேதான் குறைவு. சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்கவே வேண்டாம். எங்கோ ஒரு பாரில் ஊற்றி, தட்டில் ஏந்தி, பத்து நிமிடம் நடந்து வரும்போது உயிர் போயிருக்கும்.

நேரம்: மாலை ஐந்து மணிவாக்கில், முதல் பந்திச் சாப்பாட்டுக்கு முன். இல்லையென்றால் அரங்கில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது. நிகழ்ச்சி முடிந்து ஜனம் மொத்தமும் பாருக்கு வந்து நிற்கும் நேரத்தில் எந்த பார்டெண்டருக்கும் அரை நிமிடம் கலக்கப் பொழுது இருக்காது.

வெறும் வயிற்றில் வேண்டாம். அதேசமயம் காரமாகச் சாப்பிட்டுவிட்டும் வேண்டாம். நம்மவர்கள் தவறும் இடம் இது. மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. அதுமட்டுமில்லாமல், அந்த ஏற்பியை உடம்புச் சூட்டுக்கே விழித்துக்கொள்ளும்படி ஆக்கிவிடுகிறது. ஆட்டுக்கறி வறுவலுக்குப் பிறகு மார்ட்டினி இரட்டிப்பாக எரிவதற்கு இதுதான் காரணம். மசாலா தடவாத முந்திரி, உப்புக் கடலை, வறுத்த பட்டாணி என்று பழைய கச்சாங் பூத்தே வண்டியில் கிடைத்த வகைகளில் காரமில்லாதவை இதற்குப் பொருத்தமான துணை. ஒரு தம்ளர் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

கப்பல் மயக்கத்துக்கு மாத்திரை போட்டவர்கள் அன்றைக்கு மார்ட்டினியைத் தொட வேண்டாம். அந்த மாத்திரைகளில் பல தூக்கம் வரவைக்கும் ரகம், ஆல்கஹால் சேர்ந்தால் அந்த மந்தம் இன்னும் கூடும். காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டைக்கும் இதே எச்சரிக்கைதான். மலாக்கா நீரிணையில் பெரும்பாலும் அலை அடங்கியிருக்கும். தென்சீனக் கடல் பக்கம், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் போகிறவர்கள், முதல் இரவு உடம்பு எப்படித் தாங்குகிறது என்று பார்த்துவிட்டு இரண்டாம் நாள் ஆரம்பிப்பது நல்லது.

கிளாஸ் கைக்கு வந்ததும் காம்பைப் பிடியுங்கள், கிண்ணத்தைப் பிடித்தால் உள்ளங்கைச் சூடு ஏறும். முதலில் முகருங்கள். பிறகு அரை மிடறு, நாக்கில் உருட்டி விழுங்கிய பிறகு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். எலுமிச்சை, பைன், கொத்தமல்லி, கடைசியில் மெல்லிய கசப்பு என்று வரிசையாக வந்தால் சரியாகக் கலக்கியிருக்கிறார்கள். எரிகிறது என்றால் 10, 15 மி.லி. வெர்மூத் கூடுதலாக ஊற்றச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். தண்ணியாக இருந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை. தயங்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் கனமாக மிதந்தால், போட்ட ஆலிவ் எண்ணெயில் ஊறவைத்தது என்று பொருள். அடித்தொண்டையில் கசப்பு தங்கினால் எலுமிச்சையின் வெள்ளைச் சதை. கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது, அதற்குமேல் குளிர் நிற்காது.

மெனு அட்டையில் மார்ட்டினி என்ற பெயரில் இன்னும் பத்துப் பானங்கள் இருக்கும். லைச்சி மார்ட்டினி, ஆப்பிள் மார்ட்டினி, ஃபிரெஞ்சு மார்ட்டினி எல்லாமே வோட்காவில் பழச்சாறும் லிக்கர் என்ற இனிப்பு மதுப்பாகும் சேர்த்தவை. கிளாஸின் வடிவம்தான் அவற்றுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது. 1980களில் லண்டனில் டிக் பிராட்செல் உருவாக்கிய எஸ்பிரெசோ மார்ட்டினியும் அப்படித்தான். இனிப்புப் பிரியர்கள் தாராளமாகக் குடிக்கலாம், நல்ல பானங்கள்தான். அவற்றைக் குடித்துவிட்டு மார்ட்டினி எனக்குத் தெரியும் என்று மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். சில கப்பல்களில் சின்னச் சின்னக் கிளாஸில் ஐந்தாறு வகையை வரிசையாக வைத்துத் தரும் ‘ஃபிளைட்’ உண்டு. நால்வர் பகிர்ந்து ருசிக்கத் தோது. ஒருவரே எல்லாவற்றையும் காலி செய்யும் சமாச்சாரம் இல்லை.

பில்லில் கவனிக்க வேண்டியவை: பல கப்பல்களில் விலை அமெரிக்க டாலரில் இருக்கும், அதன்மேல் 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் ஏறும். பானப் பேக்கேஜுக்கு ஒரு பானத்துக்கு இவ்வளவு என்று விலை வரம்பு உண்டு. உயர்ரக ஜின்னைப் பெயர் சொல்லிக் கேட்டால் வரம்பைத் தாண்டும். தாண்டினால் சில நிறுவனங்கள் வித்தியாசத்தை மட்டும் வாங்கும், சில முழு விலையையும் போடும். கப்பல் ஏறியதும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ஒன்றோடு நிறுத்துங்கள். இரண்டாவதை மறுநாள் மாலை அதே பாரில், அதே பார்டெண்டரிடம் கேளுங்கள். உங்கள் அளவு அவருக்கு நினைவிருக்கும். அப்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். வெர்மூத்தை ஐந்துக்கு ஒன்றாகக் குறைக்கலாம், அல்லது ஜின்னை மாற்றலாம், அல்லது தோலுக்குப் பதில் ஆலிவ். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஜின்னின் பெயர், அளவு, ட்விஸ்ட் இந்த மூன்றையும் கைப்பேசியில் குறித்துவைத்துக்கொண்டால், ஊர் திரும்பியதும் பார்க்வியூ ஸ்குவேரில் உள்ள அட்லஸ் பாரின் ஜின் கோபுரத்துக்கு எதிரே உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்கும்போது அதையே படித்துச் சொல்லலாம்.